யார் ஜெயிப்பார் என்று கேட்பவர்களுக்கு

தமிழ் காமிக்ஸ் வாசகர்களே,

சென்னைப் புத்தகக் காட்சியிலோ ஈரோடு புத்தகத் திருவிழாவிலோ காமிக்ஸ் ஸ்டாலுக்கு எதிரே நாலு பேர் கூடினால், பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். டெக்ஸ் வில்லரா, கேப்டன் டைகரா? இரும்புக்கை மாயாவியா, ஸ்பைடரா? நேருக்கு நேர் விட்டால் யார் ஜெயிப்பார்? முதல் ஜோடியான குதிரைக்காரர்களின் வழக்கை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த மடல் இரண்டாவது ஜோடியைப் பற்றியது. மாயாவியையும் ஸ்பைடரையும் ஒரே கதைக்குள் மோதவிட வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு உண்டு. அதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் கிடையாது. அப்படியொரு கதை வந்தால் அதை நாம் எதைக் கொண்டு மதிப்பிடப் போகிறோம் என்பதில்தான் எனக்கு உங்களோடு வாக்குவாதம். இரண்டு நல்லவர்கள் மோதினால் ஒரு தவறான புரிதல் தீரும். நல்லவனும் கெட்டவனும் மோதினால் நியாயம் எந்தப் பக்கம் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இரண்டு கோணல் ஆசாமிகள் மோதும்போது இந்த இரண்டுமே இல்லை. அங்கே வெற்றி தோல்வி சொல்லும் சேதி மிகக் குறைவு. அந்தச் சண்டைக்கு யார் விலை கொடுக்கிறார்கள், அந்த விலையைக் கதை நம் கண்ணில் காட்டுகிறதா என்பதை வைத்தே அதன் தரத்தைச் சொல்ல முடியும் என்பது என் கட்சி.

இருவரும் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழ் தொடங்கியபோதே மாயாவி அதில் இருந்தான். கென் பல்மர் எழுத, ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். மாயாவியான லூயிஸ் கிராண்டெல் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். இன்னொரு விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய, இரும்புக்கை தவிர மற்றதெல்லாம் மறைந்துபோகிறது. மறைந்த உடம்போடு அவன் முதலில் இறங்கியது குற்றத்தில். மூன்று ஆண்டுகள் கழித்து, 1965இல், ‘லயன்’ இதழில் ஸ்பைடர் வந்தான். டெட் கவன் எழுதிய முதல் கதையில் அவன் லட்சியத்தில் ஒளிவுமறைவே இல்லை. உலகக் குற்றவாளிகளுக்கெல்லாம் தலைவனாக வேண்டும், அவ்வளவுதான். ரெக் பன் வரைந்த அந்தக் கூர்க் காதுகளும், ஏறிய புருவமும், வலைத் துப்பாக்கியும் நல்லவன் ஒருவனுக்காகப் போட்ட ஒப்பனை அல்ல. சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் மாயாவியோடு கடை திறந்தது. 1984இல் வந்த லயன் காமிக்ஸ் அதே ஆண்டில் ஸ்பைடரைத் தமிழ் பேச வைத்தது. குற்றச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தை நாமே அவனுக்குக் கட்டிவிட்டோம், அதுவும் பெருமையாக.

பிறகு நடந்தது நம் வழக்குக்கு முக்கியமான சாட்சி. வாசகர்களுக்கு இந்த இரண்டு கெட்டவர்களையும் பிடித்துப்போனது. பிடித்துப்போனவனைச் சிறையில் அடைத்துக் கதையை முடிக்க எந்தப் பத்திரிகைக்கும் மனம் வராது. ஆகவே இருவருக்கும் வெள்ளையடிக்கப்பட்டது. கிராண்டெல் திருந்தி, நிழல் படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளியானான். ஸ்பைடர், ஊரை மிரட்டுவதைவிட மற்ற குற்றவாளிகளை மடக்குவதில்தான் சவால் அதிகம் என்று கண்டுகொண்டு கட்சி மாறினான். 1966 முதல் அவன் கதைகளை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். என் கணிப்பில் இந்த வெள்ளையடிப்பில் மாயாவிக்குத்தான் நஷ்டம் அதிகம். உளவாளி ஆனபின் அவன் கதைகள் விறுவிறுப்பாகவே இருக்கின்றன. ஆனால் ஆளில்லாத அறையில் ஒரு இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நகரும் அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போது முதலில் வந்த பயம் பிறகு வருவதில்லை. பிளாஸ்கோவின் நிழல்கள் அதே நிழல்கள்தான். கைக்குச் சொந்தக்காரன் நம் ஆள் என்று தெரிந்துபோனதுதான் வித்தியாசம். ஸ்பைடர் தப்பித்தான். காரணம், கட்சி மாறினாலும் அவன் குணம் மாறவில்லை. உலகைக் காப்பாற்றுவதும் அவனுக்குத் தன் புகழ் பாடிக்கொள்ள ஒரு சாக்குதான்.

ஸ்பைடர் தப்பித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு; அதைப் பற்றி நம் கூட்டங்களில் யாரும் பேசிக் கேட்பது அரிது. அவனுக்கு இரண்டு கையாட்கள்: பெட்டகம் உடைப்பதில் கெட்டிக்காரனான ராய் ஆர்டினி, விஞ்ஞானி பெல்ஹாம். இருவரும் அவனுக்கு விசுவாசிகள் அல்லர். பயந்துகொண்டு வேலை செய்பவர்கள். முதலாளி அசந்தால் காலை வாரிவிடலாமா என்று உள்ளுக்குள் கணக்குப் போடுகிறவர்கள். அவர்களுடைய வியர்த்த முகம் கட்டத்தின் ஓரத்தில் தெரிகிறவரை, நடுவில் நின்று கொக்கரிப்பவன் எப்படிப்பட்டவன் என்பது நமக்கு மறக்காது. அவனை ரசிக்கலாம், கூடவே அவனிடம் வேலைக்கு மட்டும் போகக் கூடாது என்றும் புரியும். விலையைக் காட்டுவது என்று நான் சொல்வது இதைத்தான். அதற்குப் பெரிய சோக வசனம் தேவையில்லை. ஓரத்தில் ஒரு முகம் போதும்.

இனி, யார் ஜெயிப்பார் என்ற கேள்விக்கு வருவோம். அந்தக் கேள்வியை அமெரிக்காவின் இரண்டு பெரிய கம்பெனிகள் ஒருமுறை நிஜமாகவே வாசகர்களிடம் ஒப்படைத்துப் பார்த்தன. 1996இல் டிசியும் மார்வெலும் சேர்ந்து வெளியிட்ட நான்கு பகுதித் தொடரில் பதினோரு மோதல்கள்; அவற்றில் ஐந்தின் முடிவை வாசகர்களின் வாக்கு தீர்மானித்தது. அந்த ஐந்தில் ஒன்று வுல்வரினுக்கும் லோபோவுக்கும். நம் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது: நகத்தால் கிழிப்பவன் ஒருவன், தன் இனத்தையே அழித்துவிட்டு அதைப் பீற்றிக்கொள்ளும் விண்வெளிக் கூலிப்படையாள் இன்னொருவன். வாக்கு எண்ணியதில் வுல்வரின் ஜெயித்தான். சண்டை எப்படி நடந்தது? ஒரு மதுக்கடையில் இருவரும் மது பரிமாறும் மேடைக்குப் பின்னால் விழுகிறார்கள். முக்கியமான அடிதடி நம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. வுல்வரின் எழுந்து நிற்கிறான். முடிந்தது கதை. லோபோவைத் தோற்கடிக்கும் அளவுக்கு வுல்வரினிடம் என்ன இருக்கிறது என்பதை வரைந்து காட்ட வழியில்லாமல் மேடைக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் இன்றும் குறைபட்டுக்கொள்கிறார்கள். நியாயமான குறைதான். ஆனால் நாம்தானே கேட்டோம்? வாக்குப்பெட்டி அளந்தது யாருக்கு ரசிகர் அதிகம் என்பதை. அதற்கு மேல் அதனால் எதையும் அளக்க முடியாது. ஆகவே கதையிலும் எழுதுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. லோபோ 1983இல் ராஜர் ஸ்லிஃபரும் கீத் கிஃபனும் உருவாக்கிய பாத்திரம். வுல்வரின், பனிஷர் மாதிரி வெட்டுக்குத்து நாயகர்களைக் கிண்டலடிக்கத்தான் அவனைக் கொண்டுவந்ததாகப் பின்னாளில் கிஃபன் சொன்னார். கிண்டல் எடுபடவில்லை, ஆள் எடுபட்டுவிட்டான். கேலிச்சித்திரத்தையே வாசகர்கள் நாயகனாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். ஆகவே 1996இல் நடந்தது அசலுக்கும் அதன் கேலிக்கும் நடந்த சண்டை. எழுதுபவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும்? தன்னையே கண்ணாடியில் பார்ப்பது மாதிரி வுல்வரின் ஒரு நொடி திடுக்கிட்டிருக்கலாம். அதற்கு இடமில்லாமல் போனது, கேள்வி முன்கூட்டியே ‘யார் ஜெயிப்பார்’ என்று குறுகிவிட்டதால்.

உங்களில் சிலர் இங்கே மறிப்பீர்கள். சண்டை பார்க்கத்தானே காசு கொடுத்து வாங்குகிறோம், அதில் போட்டி உணர்வு இல்லாவிட்டால் என்ன சுவை என்று. சுவை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த வகைக் கதைகளில் அந்தப் போட்டி பெரும்பாலும் ஒப்புக்கு நடப்பது. இரண்டு பாத்திரமும் விற்பனைச் சரக்கு. இரண்டில் ஒன்றை நிரந்தரமாகத் தோற்கடிக்கவோ கொல்லவோ உரிமையாளருக்கு மனம் வராது. அடுத்த மாத இதழில் இருவரும் முழு உடம்போடு வந்தாக வேண்டும். நடுவில் மூன்றாவதாக ஒரு பெரிய வில்லனைக் கொண்டுவந்து, இருவரையும் கைகோக்க வைத்துக் கணக்கை முடிப்பார்கள். 2024இல் திரைக்கு வந்த டெட்பூல், வுல்வரின் படமும் முதலில் இருவரையும் காருக்குள் ஒருவரையொருவர் குத்திக் கிழிக்கவிட்டு, கடைசியில் அந்தப் பாதைக்குத்தான் வந்து சேர்ந்தது. இருவருக்கும் காயம் தானாக ஆறிவிடும் என்பதால் அந்தக் குத்துக்கு எடையும் கிடையாது. முடிவு இப்படித்தான் என்று தெரிந்த போட்டியில் கட்சி கட்டுவதில் என்ன இருக்கிறது?

நம் சினிமாவில் இந்தக் கேள்வியைச் சரியாகக் கையாண்ட ஒரு படம் உண்டு. புஷ்கரும் காயத்ரியும் இயக்கி 2017இல் வந்த ‘விக்ரம் வேதா’. ஒருபக்கம் என்கவுன்ட்டரில் ஆளைச் சுட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கும் போலீஸ்காரன் விக்ரம். மறுபக்கம் கொலைகளை எண்ணி வைத்திருக்கும் தாதா வேதா. படம் முழுக்க வேதா கதை சொல்வான், முடிவில் ஒரு கேள்வி போடுவான், விக்ரம் பதில் தேடி ஓடுவான். அந்தக் கதைகளுக்கிடையில் யார் யார் விழுகிறார்கள் என்று பாருங்கள். வேதாவின் தம்பி புள்ளி, அவன் காதலித்த சந்திரா, விக்ரமின் நண்பன் சைமன். இந்த மூன்று பேருடைய சாவுதான் படத்தின் முதுகெலும்பு. யார் செய்தது, ஏன் செய்தது என்ற கேள்விதான் இரண்டு துப்பாக்கிகளையும் ஒன்றை நோக்கி ஒன்றைத் திருப்பிவைக்கிறது. கடைசிக் காட்சியில் இருவரும் குறி பார்த்து நிற்க, வேதா இன்னொரு கேள்வி கேட்க, படம் முடிந்துவிடுகிறது. யார் சுட்டார் என்று தெரியாமல் தியேட்டரை விட்டு வந்த கூட்டம் ஏமாந்ததாகச் சொல்லவில்லை, படத்தைக் கொண்டாடியது. ஜெயித்தது யார் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்பது தமிழ் ரசிகனின் தீராத பசி அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இது 2017இல் வந்த புதுப் பக்குவமும் அல்ல. எங்கள் காஞ்சிபுரம் வட்டாரத்தில், கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்துக் கூத்து நடத்துகிறார்கள். காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இந்தக் கலைக்கென்றே இயங்கிவந்திருக்கிறது. கிரீடமும் புஜகீர்த்தியும் மார்ப்பதக்கமுமாகக் கட்டை கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் வரும் கம்பீரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊர் அவனைத் துரத்தியடிக்கக் காத்திருக்கவில்லை. அந்தக் கம்பீரத்துக்குப் பக்கத்திலேயே கட்டியங்காரன் நின்று, அரசனை வரவேற்கிற மாதிரியே அவன் காலை வாரி ஊரைச் சிரிக்க வைக்கிறான். விடிந்ததும் படுகளம். வெட்டவெளியில் மண்ணால் செய்து படுக்கவைத்த பெரிய துரியோதனன் உருவம். வீமன் வேடக்காரர் தொடையில் அடிக்கிறார். திரௌபதி கூந்தலை முடிகிறாள். கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்ற விதியை வீமன் மீறித்தான் ஜெயிக்கிறான் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை மறைப்பதில்லை. அப்புறம் விழுந்தவனுக்காக ஒப்பாரி எழுகிறது. அடாது செய்தவன் ஒருவன், விதி மீறி அடித்தவன் இன்னொருவன், நடுவே அழுகிற பெண்கள். யார் ஜெயிப்பார் என்று தெரிந்துகொள்ள அந்தக் கூட்டம் இரவெல்லாம் கண்விழிக்கவில்லை. முடிவு பாட்டன் காலத்திலேயே தெரியும்.

கல்லில் வெட்டிய சான்றும் ஒன்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டைப் பார்க்கலாம். 1063 முதல் 1070 வரை ஆண்டவன். கல்வெட்டு வழக்கம்போல மெய்க்கீர்த்தியோடு தொடங்குகிறது. சாளுக்கியரை எங்கெங்கே ஓடவிட்டான், யார் யார் தலை விழுந்தது என்று நீள்கிறது. அது முடிந்ததும் கல் வேறு கணக்குக்கு மாறுகிறது. ‘வீரசோழன்’ என்ற பெயரில் பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலசாலை, ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மருந்து கொண்டுவந்து பக்குவம் செய்ய ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், அவரவருக்கு அளக்கும் நெல், இரவு விளக்குக்கு எண்ணெய். இந்த மருத்துவமனை போரில் வெட்டுப்பட்டவர்களுக்காகக் கட்டியது அல்ல. கோயிலின் கல்விச்சாலையில் இருந்தவர்களுக்கும் பணியாளர்களுக்கும் உரியது. ஆகவே அதைப் போருக்கான பரிகாரம் என்று நான் நீட்டி முழக்கப் போவதில்லை. ஆனால் தலை விழுந்த கணக்கும் படுக்கைக் கணக்கும் ஒரே கல்லில் அடுத்தடுத்து நிற்கிற அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் காமிக்ஸ்களில் பலவும் மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடுகின்றன.

அடுத்த ஆட்சேபம் இதைவிடக் கனமானது. இது பொழுதுபோக்கு, இதில் விலைக் கணக்கெல்லாம் எதற்கு என்பது. பனிஷரின் கதை இதற்குப் பதில். 1974இல் ஸ்பைடர்-மேன் இதழில் அவன் அறிமுகமானபோது எதிரி. குடும்பத்தைப் பறிகொடுத்து, சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் குற்றவாளிகளைக் கொன்று தீர்ப்பவன். நாளடைவில் அவன் மார்பிலிருந்த மண்டையோடு பக்கத்தை விட்டு இறங்கி அமெரிக்கப் படைவீரர்களின் சட்டைக்கும் போலீஸ் கார்களுக்கும் போய்விட்டது. அவனைப் படைத்த ஜெர்ரி கான்வேயே இதைக் கண்டித்தார். சட்டம் தோற்ற இடத்தின் அடையாளத்தைச் சட்டத்தின் காவலர்கள் ஒட்டிக்கொள்வது தகாது என்பது அவர் வாதம். 2019இல் வந்த ஓர் இதழில் பனிஷரே போலீஸ்காரர்களிடம் அந்த ஸ்டிக்கரைக் கிழித்துப்போட்டு, என்னைப் பின்பற்றாதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பாத்திரத்தின் வாயாலேயே வாசகர்களுக்கு விளக்கம் கொடுக்கும் நிலை வந்தது, பல ஆண்டுகளாக அவன் சுட்டு விழுந்தவர்கள் முகமில்லாதவர்களாகவே வரையப்பட்டதால் என்று நினைக்கிறேன்.

இதைச் சொன்னதும் எதிர்ப்பக்கத்திலிருந்து பெற்றோர்கள் எழுந்து, அதனால்தான் இந்தக் கெட்டவன் கதைகளே பிள்ளைகளுக்கு வேண்டாம் என்கிறோம் என்பார்கள். அவர்கள் பக்கமும் நான் சேரவில்லை. துரியோதனனை இரவெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கதாயுதத்தோடு பள்ளிக்கூடம் போகவில்லை. கெட்டவனை நல்லவனாக்கிக் காட்டும் பிரிட்டிஷ் பத்திரிகைகளின் வைத்தியத்தைத்தான் மாயாவியிடம் பார்த்தோமே. கதையின் முடிவில் நீதிமொழி ஒட்டுவதும் அதே வைத்தியத்தின் மலிவுப் பதிப்பு. நான் கேட்பது அறிவுரை அல்ல. ஓரத்தில் நிற்கிறவனுக்கும் ஒரு முகம், ஒரு வசனம், அவ்வளவே.

கடைசியாக, உங்களில் மூத்தவர்களின் ஆட்சேபம். மாயாவி எங்கள் சிறுவயது நாயகன், அவனைக் குற்றவாளியாக்கிப் பார்க்க மனம் ஒப்பாது என்பது. ஆனால் குற்றவாளியாக நான் ஆக்கவில்லை. பல்மரும் பிளாஸ்கோவும் அப்படித்தான் அவனை ஈன்றார்கள். அந்தப் பழைய கிராண்டெல் உள்ளே உயிரோடு இருந்தால்தான் ஸ்பைடருக்கு எதிரே அவனை நிறுத்துவதில் பொருள் உண்டு. திருந்திய ஒருவனும், திருந்தியதாக நடித்துக்கொண்டு குதூகலிக்கும் ஒருவனும் எதிரெதிரே நிற்பது நல்ல நாடகம். இரண்டு உளவாளிகள் நிற்பது வெறும் சண்டைக்காட்சி.

இதெல்லாம் வெறும் ஆகாயக் கோட்டை என்று தள்ளிவிடவும் வேண்டாம். ஆலன் மூர் கதைக்கரு கொடுக்க, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதி 2005–2006இல் வந்த ‘ஆல்பியன்’ காமிக்ஸ் தொடர், பழைய பிரிட்டிஷ் சித்திரக்கதை நாயகர்களை அரசாங்கம் ரகசியச் சிறையில் பூட்டி வைத்திருப்பதாகக் கற்பனை செய்து, நம் இருவரையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது. 2018இல் பழைய உரிமைகளை ரெபெல்லியன் நிறுவனம் வாங்கியபின் மாயாவியும் ஸ்பைடரும் ஒரே வீட்டுச் சொத்து. மோதல் வர வழக்குத் தடை எதுவும் இல்லை. வந்தால் அது சிவகாசிக்கும் வரும். வந்த மாதமே ஆசிரியருக்கு உங்கள் கடிதங்கள் போகும். அதில் யார் ஜெயித்தது சரியா தப்பா என்று ஒரு வரி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மீதி வரிகளில் ஆர்டினிக்கும் பெல்ஹாமுக்கும் எத்தனை கட்டம் கிடைத்தது, வலைக்கும் இரும்புக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காவலாளிக்குப் பெயர் வைத்தார்களா, மறுநாள் காலை அந்தத் தெருவில் யார் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிப் பெருக்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
திருமுக்கூடல் வாசகர் ஒருவர்